ஒலிவாங்கியில் ஒலிக்கும் 'நாங்கள்' யார்?

1998 யூலை 12 இரவு. சென் டெனியில் பிரான்ஸ் அணி பிரேசிலை 3-0 என்று வென்று முதன்முறையாக உலகக்கிண்ணத்தைத் தூக்கியது. திரான்சியிலிருந்து லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும் அதே ஆர்.இ.ஆர் பி தொடருந்துப் பாதையில்தான் அந்த மைதானத்தின் தரிப்பிடமும் இருக்கிறது. ஆனாலும் எங்களில் பெரும்பாலானோருக்கு அந்த ஆட்டம் தொலைக்காட்சி வழியாக, ஒரு மனிதரின் குரலாகத்தான் வந்துசேர்ந்தது. அவர் தியரி ரோலன்.

ரி.எஃப் 1 தொலைக்காட்சியில் அன்று 2 கோடிக்கும் அதிகமானோர் அவரைக் கேட்டார்கள். இதைப் பார்த்த பிறகு நிம்மதியாகச் சாகலாம் என்றவர், ஆனால் முடிந்தளவு பிந்தித்தான் என்று பகிடியும் விட்டார். வன்னியில் அப்போது 'ஜெயசிக்குறு' படைநடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. ஊர்ச் செய்திக்காகத் தொலைபேசி அட்டைகளோடும், வதிவிட அனுமதிக்காகக் கடிதப்பெட்டியோடும் பெற்றோர் காத்திருந்த வீடுகளில், பிள்ளைகள் 'நாங்கள் வென்றுவிட்டோம்' என்று துள்ளினார்கள். அந்த 'நாங்கள்' என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குப் பழக்கியதில் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த இடம் உதைபந்தாட்ட வர்ணனைக்குத்தான்.

ஆகவே, அந்தக் குரல் யாருடையது என்ற கேள்வி விளையாட்டோடு மட்டும் முடிவதில்லை. 2026, 2030 உலகக்கிண்ணப் போட்டிகளைப் பிரான்சில் கட்டணமின்றி ஒளிபரப்பும் உரிமை எம்6 தொலைக்காட்சிக்குப் போயிருக்கிறது. வீட்டுக்குள் வரும் குரல் மாறுகிறது. இந்த வேளையில் ரோலனின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது.

1937 இல் பிறந்த ரோலன் பதின்ம வயதிலேயே வானொலிக்குள் நுழைந்தார். 1968 மே மாத வேலைநிறுத்தத்தின் பின் அரச ஒலிபரப்பு நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பின்னர் திரும்பி வந்தார். சென்ற் எத்தியேன் அணியின் முன்னாள் தலைவர் ஜோன் மிஷெல் லார்க்கேயுடன் கால் நூற்றாண்டு காலம் இணைந்து வர்ணனை செய்தார். ரி.எஃப் 1 இலிருந்து விலகிய பின் 2006 உலகக்கிண்ணத்துக்கு எம்6 இல் அமர்ந்தார். மொத்தம் 13 உலகக்கிண்ணங்கள். 2012 யூன் 16 இல், ஐரோப்பியக் கிண்ணம் நடந்துகொண்டிருக்கையில், 74 வயதில் காலமானார்.

அவர் நடுநிலை வேடம் போட்டதில்லை. பிரான்சின் பக்கம் நின்றே பேசினார். சனம் விரும்பியதும் அதைத்தான். ஆனால் அந்தக் குரலுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது.

1976 ஒக்ரோபரில் சோபியாவில் பல்கேரியாவுக்கு எதிரான ஆட்டம். ஸ்கொட்லாந்து நடுவர் இயன் ஃபூட்டின் தீர்ப்புகளால் கொதித்த ரோலன், நேரலையிலேயே அவரைப் பெயர் சொல்லித் திட்டினார். பத்து வருடம் கழித்து, 1986 யூன் 22, மெக்சிக்கோ. மரடோனா கையால் அடித்த கோலை நடுவர் அலி பென்னசூர் அனுமதித்தார். இம்முறை ரோலன் கேட்டது வேறு: இவ்வளவு முக்கியமான ஆட்டத்துக்கு ஒரு துனிசியரை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லையா?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதல் ஆட்டத்தில் பிழை விட்டது ஒரு மனிதர். இரண்டாவதில் பிழை விட்டது ஒரு நாடு. உணவகச் சமையலறையிலோ துப்புரவு வேலையிலோ ஒருவர் விட்ட பிழைக்கு 'உங்கட ஆக்களே இப்படித்தான்' என்று கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 2015 இல் மரடோனா துனிசியாவில் பென்னசூரின் வீட்டுக்கே போய் அவரைச் சந்தித்தார். ஆட்டக்காரர் மதித்த மனிதரைத்தான் ஒலிவாங்கி சிறுமைப்படுத்தியிருந்தது.

ரோலனை வெறும் இனவாதி என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் 1998 இல் அல்ஜீரிய வேருள்ள சிடானின் இரண்டு கோல்களுக்கு மனம் நிறைந்து கத்தியதும் அதே ரோலன்தான். வெல்லும்போது 'நாங்கள்' என்பது விரியும். கோபம் வரும்போது சுருங்கும். புலம்பெயர்ந்தவர்களின் இடம் அந்த விரிவுக்கும் சுருக்கத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மைதானத்துக்குள் எங்கள் அயலவர்களின் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பக்கத்துப் பொண்டியில் வளர்ந்த எம்பாப்பே ஓர் உதாரணம். ஒலிவாங்கிக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்? மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று மூன்று கதவுகளை மட்டும் காட்டும் பெற்றோர், பேச்சையே தொழிலாக்க விரும்பும் பிள்ளைக்கு நாலாவது கதவையும் காட்டவேண்டும்.

கூடவே எங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். கோடைகாலச் சுற்றுப்போட்டிகளில் எங்கள் ஒலிபெருக்கியும் எதிரணியின் ஊரைச் சொல்லி நையாண்டி பண்ணுகிறது. வீட்டு வரவேற்பறையில் கறுப்பின ஆட்டக்காரரைப் பற்றி நாங்கள் சொல்வது பிள்ளைகளின் காதில் விழுகிறது. ஒலிவாங்கி எங்கள் கைக்கு வரும் நாளில் அந்த 'நாங்கள்' எவ்வளவு அகலமாக இருக்கும் என்பது, இன்று வீட்டில் நாங்கள் பேசுவதில்தான் இருக்கிறது.