இரும்புன்னா எல்லாம் ஒண்ணா? பாய்லர் தகட்டில் ஊசலாடும் தொழிலாளி உயிர்!

அம்மையார்குப்பம்:

தறிச் சத்தம் ஓயாத ஊர் அம்மையார்குப்பம். இங்கே வீட்டுக்கு வீடு அடுப்படியில் ஒரு அழுத்தக்கலன் நிற்கிறது. வேறொன்றும் இல்லை, கேஸ் சிலிண்டர்தான். 14.2 கிலோ கேசை அடக்கி வைத்திருக்கும் அதன் தகடு சுமார் 3 மில்லி மீட்டர் கனம்தான். சாயப்பட்டறை, அரிசி ஆலை பாய்லர்களும் இதே ரகம்.

"இரும்புன்னா எல்லாம் ஒண்ணுதானே" என்று நினைத்தால் தப்பு. கட்டிட வேலைக்குப் போகும் தகட்டுக்கு ஐ.எஸ். 2062 என்று ஒரு தரம். பாய்லர் தகட்டுக்கு ஐ.எஸ். 2002. சிலிண்டர் தகட்டுக்கு ஐ.எஸ். 6240.

எப்படி தயாராகுது?

உருக்கிய இரும்பில் இருந்து கந்தகம், பாஸ்பரஸ் இரண்டையும் முடிந்தவரை பிரித்து எடுக்கிறார்கள். இவை கூடினால் இரும்பு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். பாய்லருக்கான கனமான தகடு என்றால், காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டியில் வைத்து ஹைட்ரஜனையும் வெளியேற்றுகிறார்கள். அது உள்ளே தங்கினால் பிறகு விரிசல் விடும்.

அடுத்து பாளமாக வார்த்து, 1,200 டிகிரி வரை சுட வைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு தகடாக்குகிறார்கள். மறுபடியும் சுமார் 900 டிகிரிக்கு சூடாக்கி காற்றில் ஆற விடுவதும் உண்டு. அப்போதுதான் இழுத்தாலும் அடித்தாலும் தாங்கும் பக்குவம் வரும்.

மேலே பளபளப்பாக இருக்கும் தகடு, உள்ளே பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. அதனால் கனமான தகடுகளுக்குள் ஒலி அலையை அனுப்பிப் பார்க்கிறார்கள். தேறிய தகட்டில் 'ஹீட் நம்பர்' குத்தப்படும். எந்த உருக்கில் பிறந்த தகடு என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

58 பேர் பலி

1905-ல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில், செருப்பு தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் பலியானார்கள். அதன் பிறகே அங்கு பாய்லர் விதிமுறைகள் இறுக்கப்பட்டன. நம்மூரில் 1923-ல் வந்த பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் கொண்டு வரப்பட்டது.

நெய்வேலி 2-வது அனல்மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 என அடுத்தடுத்து 2 பாய்லர் விபத்துகள். தொழிலாளர்கள் உயிரிழந்தனர். காரணம் தகடுதான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பாய்லரில் எது பிசகினாலும் முதலில் அடிபடுவது பக்கத்தில் நிற்கும் தொழிலாளிதான்.

என்ன கேட்கலாம்?

சாதா தகட்டை விட பாய்லர் தகடு விலை அதிகம். மாற்றிப் போட்டாலும் வெளியே தெரியாது. ஆகவே பாய்லருக்கு ஒட்டுத்தகடு வெல்டிங் செய்யும்போது, ஹீட் நம்பரும் ஆலையின் சோதனை சான்றிதழும் ஒத்துப்போகிறதா என்று வெல்டர் கேட்பதில் தப்பே இல்லை. பாய்லரின் ஆய்வு சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்பதையும் கேட்கலாம்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. சிலிண்டர் கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி-மார்ச், பி என்றால் ஏப்ரல்-ஜூன், சி என்றால் ஜூலை-செப்டம்பர், டி என்றால் அக்டோபர்-டிசம்பர். 'பி-28' என்றிருந்தால் 2028 ஜூனுக்குள் மறுசோதனை செய்ய வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் மாற்றித் தரச் சொல்லலாம்.