நிலம் ஈந்தார் வீட்டுப் பொறியாளர்க்கு இடமெங்கே?

1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபொழுது, நிலத்தை விட்டகன்ற உழவர்க்கு இருந்த ஆறுதல், தம் வழியினர் அங்கே பணி பெறுவர் என்பதே. அவ்வழியினரைப் பொறியியல் படிக்கவைக்க, எத்தனை வீட்டு நகைகள் அடகுக்குப் போயின! கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, வங்கிக் கடன் அனைத்தும் சுமந்து பட்டம் பெற்றவனைப் பின்னும் 'கேட்' என்னும் தேர்வு மறித்து நிற்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே, தனிப்பயிற்சிக்கோ தனிப்பணம்! 2022-இல் அத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு எடுக்கப்பட்ட 299 பொறியாளருள் தமிழ்நாட்டார் ஒருவருமிலர் எனத் தமிழ்நாட்டுக் கட்சிகள் கொதித்தெழுந்தன.

வந்த வடபுலத்து இளைஞனை நோவதில் பொருளில்லை; அவனும் பிழைப்புத் தேடி வந்தவனே. நிலம் எடுக்கையில் சிற்றூர் சிற்றூராய்ப் பார்த்து எடுத்த நிறுவனம், பணி தருகையில் மட்டும் நாடு முழுதும் ஒன்றென்பதே கொடுமை. நிலமிழந்தார் வீட்டுப் பொறியாளர்க்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். அவர்தம் கல்லூரிக் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்கட்டும்!