பார்டர்லைன் ரிப்போர்ட்டை ஃபைல்ல போட்டுட்டா பதில் சொன்ன மாதிரி ஆகாது

ஒரு சின்னக் கேள்வி. ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா எடுக்கிற ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் உங்க மெயில்ல பிடிஎஃப்-ஆ வந்து கிடக்குமே, அதைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?

நான் போன அக்டோபர்ல திறந்து பார்த்தேன். ஆடிட் சீசன் முடிஞ்ச கையோட எடுத்த டெஸ்ட் அது. ஹெச்பிஏ1சி 6.1. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. ட்ரைகிளிசரைடு 188. கெட்ட கொழுப்புன்னு சொல்ற எல்டிஎல் 138. நாலுமே பார்டர்லைன். நான் என்ன பண்ணேன்? "சரி, ஃபெயில் ஆகலை"ன்னு மூடி வெச்சுட்டேன். 35 மார்க் பாஸ்னா 36 வாங்கினவனும் பாஸ்தானேங்கிற கணக்கு.

அடுத்த மூணாவது வாரம் அப்பா அம்மாவை வீடு மாத்தினோம். கிரயப் பத்திரத்தைத் தேடும்போது அப்பாவோட பீரோவில் ஒரு பழைய லேப் ரிப்போர்ட் கிடைச்சது. வருஷம் 2006. வெறும் வயிற்றில் சர்க்கரை 118. பக்கத்தில் நீல மையில் ஒரு டிக். அப்போ அப்பாவுக்கு 44 வயசு.

"என்னப்பா இது?"ன்னு கேட்டேன்.

"அப்போ டாக்டர் பெருசா ஒண்ணும் சொல்லலடா. கொஞ்சம் பார்த்துக்கோங்கன்னார். நானும் பத்திரமா எடுத்து வெச்சேன்."

பத்திரமாகத்தான் வைத்திருந்தார். 49 வயதில் சர்க்கரை நோய் வந்தது. இப்போது 63. இரண்டு வேளை மாத்திரை, ராத்திரி இன்சுலின். விழித்திரைக்கு லேசர் சிகிச்சை முடிந்துவிட்டது. பேப்பர் படிக்க லென்ஸ் வைத்துக்கொள்கிறார். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது பதில் போடாத நோட்டீஸ்.

வருமான வரி நோட்டீஸ் வந்தால் சிலர் அதைப் பத்திரமா ஃபைல் பண்ணி வெச்சுட்டு, ஆறு மாசம் கழிச்சு என்கிட்ட கொண்டு வருவாங்க. "சார், ஃபைல்லதான் சார் வெச்சிருக்கேன்" என்பார்கள். ஃபைல்ல வெச்சா பதில் சொன்னதா ஆகுமா? பார்டர்லைன் ரிப்போர்ட்டும் அதேதான். அது தீர்ப்பு இல்லை, பதில் கேட்டு வந்த கடிதம். பதில் சொல்ல மிகக் குறைந்த செலவாகும் நேரமும் அதுதான்.

எண்கள் என்ன சொல்லுது?

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச அளவுகளை மட்டும் சொல்றேன். ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ம் அதற்கு மேலும் வந்தால் சர்க்கரை நோய் என்று பார்ப்பார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, ட்ரைகிளிசரைடு 150 முதல் 199 வரை, எல்டிஎல் 130 முதல் 159 வரை. இதெல்லாம் பார்டர்லைன் பகுதி.

நம்ம நாட்டில் இந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வின் மதிப்பீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி. நோயாளிகளைவிட வாசலில் நிற்பவர்கள் அதிகம்.

வாசல்ல நிக்கிற எல்லாரும் உள்ளே போயே ஆகணும்னு விதி இல்லை. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி என்று இரண்டே இலக்கு கொடுத்தார்கள். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம்தான். 2006-ல் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ராமச்சந்திரன் குழு இந்தியர்களிடம் நடத்திய ஆய்வில் பலன் அந்த அளவு பெரிதாக இல்லை. வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம், மாத்திரையால் 26.4 சதவீதம். ஆனாலும் கவனியுங்க, நடையும் சாப்பாடும் மாத்திரைக்குச் சமமா நின்னிருக்கு. அப்பாவோட ரிப்போர்ட் வந்ததும் அதே 2006-தான்.

நான் என்ன மாத்தினேன்?

முதல்ல டீ. ஒரு நாளைக்கு அஞ்சு டீ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம்னு வெச்சாலே 40 கிராம். மாசத்துக்கு 26 வேலை நாள்னா ஒரு கிலோவுக்கும் மேல. சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் டீயில் மட்டுமே அதைத் தாண்டியிருந்தேன். இப்போ ரெண்டு டீ, சர்க்கரை இல்லாம. முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது. அப்புறம் பழகிடுச்சு.

வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறிட்டா போதும்னு நினைக்காதீங்க. ரத்தத்துக்குள்ள போனா அதுவும் சர்க்கரைதான். சிறுதானியமும் அப்படித்தான். தினை பொங்கல்னு பேர் வெச்சா ரெண்டு தட்டு சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லை.

அடுத்தது தட்டு. சோற்றை நிறுத்தவில்லை, பாதியாக்கினேன். பொரியலும் கூட்டும் இரண்டு மடங்கு. காலையில் நாலு இட்லிக்குப் பதில் ரெண்டு இட்லி, நிறைய சாம்பார், ரெண்டு முட்டை. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். ராத்திரி பத்தரைக்கு வந்த பரோட்டா பார்சல் வாரத்தில் ரெண்டு நாளிலிருந்து ஒரு நாளாச்சு. மற்ற நாள் எட்டரைக்குள் சாப்பாடு, சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடை. காலையில் அரை மணி நேரம் தனி. வாரத்தில் அஞ்சு நாள் நடந்தேன்னு பெருமையா சொல்ல ஆசைதான். நாலு நாள்தான் முடிஞ்சது.

இப்போ கணக்குக்கு வருவோம்

மாசக் கணக்கு இது. டீ மூணு குறைஞ்சதில் மிச்சம் 1,170 ரூபாய். பஜ்ஜி, பஃப்ஸ் வகையில் 520. பார்சல் குறைஞ்சதில் 1,000. ஆக மிச்சம் 2,690. செலவு பக்கம்: முட்டை 420, கூடுதல் காய், கீரை 1,000, கொண்டைக்கடலை, பயறு, வேர்க்கடலை 500. ஆக 1,920. மாசம் 770 ரூபாய் கையில் நிற்கிறது. மூணு மாசத்தில் 2,310. இதில் மறுபடி எடுத்த டெஸ்ட்டும் டாக்டர் ஃபீஸும் சேர்த்து 1,400 போக, 910 ரூபாய் லாபம்!

இதுக்கு நடுவுல ஒரு ஃபோன் வந்தது. மூணு மாசத்தில் சர்க்கரையை "ரிவர்ஸ்" பண்ற திட்டம், பவுடர் டப்பாவோட 24,000 ரூபாய், இஎம்ஐ வசதியும் உண்டாம். நம்ம சேனல்ல எப்பவும் சொல்றதுதான்: பயத்துல இருக்கும்போது வாங்கற பொருளுக்கு விலை அதிகம். பார்டர்லைன் ரிப்போர்ட்டுக்கு முதல் பதில் பணம் இல்லை, நேரம்.

மூணு மாசம் கழிச்சு

ஏன் மூணு மாசம்? சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது அதனால்தான். டெஸ்ட்டுக்கு முந்தைய நாள் ராத்திரி மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாத்த முடியாது. இன்னொண்ணு, ரத்தசோகை இருந்தா இந்த எண் தப்பா காட்டலாம். அதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பிப்ரவரியில் வந்த ரிப்போர்ட்: ஹெச்பிஏ1சி 5.8. வெறும் வயிற்றில் 101. ட்ரைகிளிசரைடு 142. எடை 79-லிருந்து 74.5. எல்டிஎல் மட்டும் 138-லிருந்து 133-க்கு வந்து உட்கார்ந்துகொண்டது. "கொழுப்பில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். ஆக, சர்க்கரைக் கணக்கில் நான் இன்னும் பார்டர்லைன்தான். "மூணு மாசத்தில் முழு குணம்"னு தலைப்பு வெச்சிருந்தா வியூஸ் நல்லா வந்திருக்கும். அது பொய்க் கணக்கு. எண் போகும் திசை மாறியிருக்கு, எனக்கு அது போதும்.

எல்லாருக்கும் இது பலிக்கும்னு சொல்லலை. சிலருக்கு மாத்திரை தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.

"டெஸ்ட் எடுத்தா இன்சூரன்ஸ் பிரச்சினை ஆகுமே சார்?"

இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. "ரிப்போர்ட்ல வந்துட்டா பாலிசி படிவத்தில் சொல்லணும். அதனால டெஸ்ட்டே எடுக்கலை." இதைவிட மோசமான சேமிப்பு வேற எதுவும் இல்லை. டெஸ்ட் எடுக்காட்டி சர்க்கரை ஏறாம இருக்குமா?

படிவத்தில் கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லுங்க. 2024-ல் வந்த விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். முன்பு 48. உண்மையைச் சொன்னா, கொஞ்சம் கூடுதல் பிரீமியமோ சில வருஷக் காத்திருப்போதான் பெரும்பாலும் செலவு. மறைச்சா, ஆஸ்பத்திரி படுக்கையில் இருக்கும்போது க்ளெய்ம் மறுக்கப்படலாம். ஆபீஸ் பாலிசி போதும்னும் இருக்காதீங்க, வேலையை விட்டா அதுவும் கூடவே போயிடும். எண்கள் பார்டர்ல இருக்கும்போதே சொந்தமா ஒரு பாலிசி எடுத்துடுங்க.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 80டி வரம்புக்குள்ளேயே முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும். புதிய முறையில் இது கிடையாது. கிடைக்காட்டியும் டெஸ்ட் எடுங்க. வரி மிச்சத்துக்காக மட்டும் பண்ற விஷயம் இல்லை இது.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை

எல்லாப் பொறுப்பையும் ஊழியர் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் இலவச டெஸ்ட் கொடுத்துட்டு, மீதி நாள் ராத்திரி எட்டு மணிக்கு மீட்டிங் போட்டு பீட்சா வரவழைச்சா என்ன அர்த்தம்? என் ஆபீஸில் நான்தான் முதலாளி, அதனால் முதல் குற்றவாளியும் நான். இப்போ ஏழு மணிக்கு மேல மீட்டிங் கிடையாது. கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் மட்டும் அந்த விதி உடையும். அன்னிக்கு ராத்திரி வர்றது இட்லியும் சுண்டலும்.

இந்த வாரம் உங்க எஸ்ஐபி தொகையை ஏத்தலாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அந்த பிடிஎஃப்-ஐத் திறங்க. பார்டர்ல இருக்கிற எண்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க. பக்கத்துல இன்னியிலேர்ந்து 90-வது நாள் தேதியையும் எழுதி, அன்னிக்கு மறுபடி டெஸ்ட்டுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க.

அந்தப் பேப்பரை பீரோவில் வைக்காதீங்க. டீ போடுற இடத்துல ஒட்டி வையுங்க. என்னோடது அங்கதான் இருக்கு. அப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் லென்ஸை எடுத்து அதைப் படிச்சுப் பார்ப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார்.