தூய வாழ்வும் இரவற் கற்பும்

சென்ற தவக்காலத்திலே கண்டி நகரின் தேவாலயம் ஒன்றில் தூய வாழ்வு பற்றிய பிரசங்கம் ஒன்றைக் கேட்க நேர்ந்தது. முக்கால் மணி நேரம் நீடித்த அப்பிரசங்கத்தில் இளம் பெண்களின் உடை, கைத்தொலைபேசி, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே சோடியாக உலாவும் பல்கலைக்கழக மாணவர் ஆகிய யாவும் இடம்பெற்றன. ஆடவர் பற்றி ஒரு வாக்கியமேனும் இல்லை. நானும் ஓர் ஆடவன். குற்றமற்றவனாக வெளியேறுவது எனக்கு வசதியாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நவீன பண்பாடு என்னும் வெள்ளம் மேலைத்தேசத்திலிருந்து புகுந்து எமது தூய மரபை அடித்துச் செல்கின்றது என்பதே பிரசங்கியாரின் முடிபு. அம்முடிபு இம்மண்ணின் வரலாற்றுக்கும், அவர் கையிலிருந்த வேதாகமத்துக்கும் ஒருங்கே முரணானது.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1815இல் ஆங்கிலேயர் வசமான கண்டி இராச்சியத்திலே, சகோதரர் இருவர் ஒருத்தியை மணந்து ஒரே இல்லத்தில் வாழும் வழக்கம் நிலவியது. வயல்நிலம் துண்டாடப்படாமற் காப்பது அதன் காரணங்களுள் ஒன்று. இருவரும் மனமொத்துப் பிரிதலும் எளிதாயிருந்தது. தேசாதிபதி ஹென்றி வார்டின் காலத்தில், 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வழக்கத்தைத் தடைசெய்து, பதியப்படாத திருமணம் செல்லாதென விதித்தது, மணமுறிவையும் கடினமாக்கிற்று. இதனை வேண்டி நின்றோரில் கண்டித் தலைவர்களும் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. குடியானவரோ பதிவாளரைத் தேடிச் செல்லவில்லை. தம் தாய் தந்தையர் வாழ்ந்தவாறே வாழ்ந்த பெருந்தொகையானோரின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைதவறிப் பிறந்தோராயினர். 1870இல் அச்சட்டத்தைத் திருத்தி, இணக்கத்தின் பேரிலான மணமுறிவை மீண்டும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. விக்ரோறிய இங்கிலாந்தின் ஒழுக்கமே கிறிஸ்தவ ஒழுக்கம் எனக் கருதப்பட்ட காலம் அது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் அக்காலத்தின் வரவே. 2023 மே மாதத்தில், ஒருபாலுறவைக் குற்றமாகக் கொள்ளும் ஏற்பாடுகளை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தபோது, எமது பண்பாடு அழிகிறதே என்று குரலெழுப்பியோர் விக்ரோறியா மகாராணியாரின் பண்பாட்டையே தமது பாட்டன் சொத்தாகக் கொண்டாடினர். மேலைத்தேச வெள்ளம் அன்றே வந்துவிட்டது; அதற்கு நாம் மரபு என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

இனி, வேதாகமம். கொரிந்து நகரத்தாருக்குப் புனித பவுல் எழுதிய முதலாம் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தைப் பிரசங்கியார் ஏன் திறக்கவில்லை? மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமையைக் கூறிய அதே மூச்சில், கணவனின் உடல்மீது மனைவிக்குள்ள உரிமையையும் அவர் கூறுகின்றார். மணமான ஆடவன் அடிமைப் பெண்ணிடமோ விலைமகளிடமோ செல்வது குற்றமாகவே எண்ணப்படாத உரோமைச் சமூகத்தில் இஃது எத்துணை துணிவான கூற்று! கொரிந்தின் ஆடவருக்கு எதிராக எழுந்த அப்போதனை எம்மவர் கையில் பெண்களின் கைச்சட்டை நீளத்தை அளக்கும் முழக்கோலாகச் சுருங்கிவிட்டது. யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்திலே விபசாரத்திற் பிடிபட்டவளென இழுத்துவரப்படுபவள் ஒரு பெண் மட்டுமே. உடனிருந்த ஆண் எங்கே போனான்? எமது தேவாலயங்களில் அவன் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான் என்றே நான் ஐயுறுகிறேன்.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. பிள்ளைகளின் கையிலுள்ள திரையில் உடல் விலைப்பண்டமாகக் கிடப்பது உண்மையே. உடல் ஆண்டவரின் ஆலயம் என்னும் போதனை இன்று முன்னெப்போதிலும் தேவையானதென்றே நானும் கருதுகிறேன். ஆனால், ஆலயம் என்ற சொல்லை மெய்யாகவே நம்புவோர் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன்களையும் பார்த்தல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் கணவனும் மனைவியும் வயதுவந்த பிள்ளைகளும் உறங்கும்போது, நாணத்தைக் காப்பது எங்ஙனம்? 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்படுவோருக்கு அரசு பணம் வழங்கியது. நாட்கூலியில் வாழ்ந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது சுதந்திரமான தெரிவா, வறுமையின் நிர்ப்பந்தமா? இவையும் பாலியல் ஒழுக்கம் பற்றிய வினாக்களே. 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடக்கிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகள் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சமயப் பொறுப்பாகக் கருதினார். அவ்வழி நின்று பேசுவோர் இன்று பிரசங்க மேடையில் அருகிவிட்டனர்.

உடலைக் கண்டு அஞ்சுவோர் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு ஒருமுறை செல்லலாம். டேவிட் பெயின்ரர் அங்கு தீட்டிய சுவரோவியத்திலே தாடியற்ற இளைஞராகிய கிறிஸ்து எமது நாட்டுக் கண்டற்காட்டின் நடுவே சிலுவையில் தொங்குகின்றார். அந்த உடலைக் கண்டு தலைகுனிபவர் எவரையும் நான் கண்டதில்லை.

பிரசங்கம் முடிந்தபின் பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கையில், தோட்டத்திலிருந்து வந்திருந்த முதிய தாய் ஒருத்தி என்னுடன் வந்தாள். எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"பாதர் நல்லாத்தான் பேசுனாரு தம்பி. எங்க வீட்டு ஆளுதான் வரல. அப்ப யாருக்குச் சொன்னாரு?"