காரின் பத்திரமும் காணி உறுதியும்

2019 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலமொன்றில், 1965ஆம் ஆண்டு அஸ்டன் மார்ட்டின் டிபி5 கார் 63 இலட்சத்து 85 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. ஜேம்ஸ் பொண்ட் படமான ‘தண்டர்போல்’ விளம்பரத்துக்கு ஓடிய வண்டி, சுவிற்சர்லாந்தில் புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய கார்களை வாங்குவோர் இரும்புக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம், முன்னைய உரிமையாளர் வரிசை ஆகியவற்றுக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பத்திரம் பிசகினால் விலையும் சரியும்.

பிரித்தானியக் கார்த் தொழிலின் கதையில், இறப்பர் அனுப்பிய நம் மண்ணுக்கும் இடமுண்டு. கேகாலை மாவட்டத்தின் கரவனெல்லயைச் சூழ்ந்த தோட்டங்களும் அம்மண்ணைச் சேர்ந்தவையே. இத்தோட்டங்களில் பால் வெட்டிய தமிழரிடமும் ஒருநாள் பத்திரம் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயன்களில் அதை எங்கே தேடுவது? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழைய காரைப் பேணுவதில் எனக்கு மறுப்பில்லை. அது அழகான காரியமே. ஆனால் ஒரு வண்டியின் வரலாற்றை ஆணி ஆணியாக மீட்டெடுக்க முடிகின்ற உலகில், தலைமுறைகளாக உழைத்தவருக்கு அவர் குடியிருக்கும் நிலத்தை எழுதிக் கொடுப்பது அத்தனை கடினமா? தோட்டக் குடும்பங்கள் பலவற்றிடம் இன்றும் காணி உறுதி இல்லை. குடியுரிமை பாதி வழிதான். உறுதி கைக்கு வரும் நாளில்தான் அந்தக் கணக்கு தீரும்.