போத்தலில் நிற்கும் கேள்வி

சித்தாண்டியில் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் மாரியில் ஒரு ருசி, கோடையில் இன்னொரு ருசி. விஞ்ஞானம் படிக்கும் என் மருமகள் விடுமுறையில் வாராவாரம் போத்தலில் அள்ளி, திகதி எழுதி ஒட்டினாள். "எங்க மாமா குடுத்துச் சோதிக்கிற?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போத்தல்கள் குசினித் தட்டிலேயே நிற்கின்றன. அந்தத் தண்ணீர் இனிச் சோதனைக்கு ஆகாது.

1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகம் எங்களுக்குச் சைக்கிள் தூரம். ஆனால் நம் நாட்டில் மாணவரின் தனி ஆய்வு பெரும்பாலும் நான்காண்டுச் சிறப்புப் பட்டக்காரருக்குத்தான். மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறும் பிள்ளைக்கும் அது வேண்டும். வாவியும் வயலும் வாசலிலேயே கிடக்கின்றனவே! வளாகத்தாரே, விடுமுறையில் ஆறு வாரம் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். வழிகாட்ட ஒருவரை விடுங்கள், பஸ் காசும் கொடுங்கள். மருமகள் மறுபடி அள்ளத் தயார்.