அமிலத்தை அடக்கும் மாத்திரை

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் சேலம் ஜங்ஷனுக்குச் சற்று முன்னால் 'மாக்னசைட் ஜங்ஷன்' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பக்கத்துக் கரடுகளில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லில் மக்னீசியம் அடங்கியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அக்குன்றுகளுக்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டார்கள். கல் என்னவோ சாக்குக்கட்டிக் கல் அன்று! மக்னீசியம் கலந்த பால் போன்ற மருந்துதான் நெடுங்காலமாக நெஞ்செரிச்சலுக்குக் கைகண்ட ஔஷதம். இரைப்பையில் ஊறிவிட்ட அமிலத்தை அது முறிக்கும்; சிறிது நேரம் சுகமுண்டு. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் மட்டும் டாக்டரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

இப்போது சேலத்திலும் நாமக்கல்லிலும் 'காஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்குகிறார்களே, அது பெரும்பாலும் வேறு இனம். ஒமிப்ரசோல் 1988-ல் ஸ்வீடனில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. பாண்டோப்ரசோல் அதன் தம்பி. இவை அமிலத்தை முறிப்பதில்லை. அது சுரக்கும் மடைகளையே அடைத்துவிடுகின்றன. உண்ணும்போதுதான் அம்மடைகள் திறக்கும். ஆகையால் ஆகாரத்துக்கு அரைமணி முன்பே விழுங்க வேண்டும். விருந்துண்டு ஏப்பம் விட்ட பிறகு விழுங்குவது, வெள்ளம் போனபின் மேட்டூரில் மதகை மூடுவது போலத்தான்.

மருந்து நல்ல மருந்தே. புண் ஆறுவதற்குச் சில வாரங்கள் அவசியம். ஆனால் நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் நடுநிசியில் உண்டு, விடியற்காலையில் இதை விழுங்கி, வருஷக்கணக்கில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் அடங்கும், காரணம் அடங்குமா? குடற்புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று உலகம் நம்பியிருந்தபோது, ஆஸ்திரேலியரான வாரனும் மார்ஷலும் ஒரு கிருமியைக் காட்டினார்கள். 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியால் வந்த புண்ணுக்குக் கிருமிக்கொல்லி மருந்தும் சேர்ந்தால்தான் தீர்வு. மாத்திரையை விழுங்கிக்கொண்டே பரிசோதித்தால் கிருமி தென்படாமலும் போகலாம்.

ராணிடிடீனின் கதை வேறு. அதில் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய ஒரு மாசு இருப்பது 2019-ல் வெளிப்பட்டது. உஷ்ணத்தில் வைத்தால் அம்மாசு பெருகுமாம்; நம் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் இந்திய சர்க்கார் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஒமிப்ரசோல் வகையை நெடுநாள் உண்டால் பி12 ஜீவசத்து குறையலாம்; எலும்பு பலவீனப்படலாம்; இரத்தத்தில் மக்னீசியமும் குறையலாம். வெள்ளைக்கல்லின்மேல் குடியிருப்பதால் சேலத்தாருக்கு விலக்கு இல்லை!

இதைப் படித்துவிட்டு, இருதய நோய்க்கு ஆஸ்பிரின் உண்ணும் தாத்தாவின் மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அவருக்கு அது இரைப்பையில் இரத்தம் கசியாமல் காக்கும் கவசம். மற்றவர்களும் திடீரென்று நிறுத்தினால், அடைபட்ட அமிலம் சில வாரம் பொங்கும். பழைய நோய் திரும்பிவிட்டதென்று மயங்குவார்கள். டாக்டரைக் கலந்து மெதுவாகக் குறைப்பதே முறை.

மலம் தார் போல் கறுத்தாலும், விழுங்குவது கஷ்டமானாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும் மருந்துக்கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். மார்பு இறுக்கி வியர்த்துக் கொட்டினால் அதைக் காஸ் என்று எண்ணி மாத்திரை தேட வேண்டாம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.